ஒரு வசனத்துக்கான மூச்சு

மொன்ட்ரியால்-நோர்
16 நவம்பர் 2025, ஞாயிறு

வித்தியாவுக்கு,

ரெலிபோனில் நாங்கள் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் யாரோ ஒருவர் கத்துகிறோம். ஆகவே வைத்தியசாலைச் சமூகசேவகி சொன்னபடி எழுதுகிறேன். ஆரபியின் மூச்சு மெஷின் வந்து போகிற பையின் பக்கப்பைக்குள் இது இருக்கும். பதிலையும் அதற்குள்ளேயே வையும். எங்கள் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி.

விசயத்துக்கு வருகிறேன். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கான கடதாசியில் நான் ஒக்டோபரிலேயே கையெழுத்து வைத்துவிட்டேன். நீர் வைக்கவில்லை. டிசம்பர் பத்தொன்பதுக்கு முன் இரண்டு கையெழுத்தும் போகாவிட்டால் பெப்ரவரியில் ஒதுக்கிய நாளை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எக்ஸ்ரே படத்தை நீரும் பார்த்தீர். வளைவு இப்போது அறுபத்திரண்டு பாகை. போன வருடம் நாற்பத்தெட்டு. ஊதிப் பார்க்கிற பரிசோதனையில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கவேண்டிய மூச்சில் நாற்பத்தொரு வீதம்தான் வந்தது. போன வருடம் ஐம்பது. நான் கணிதம் படிப்பித்தவன். இரண்டு புள்ளிகளை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல இரண்டு போதும். தசை நோய்க்கு அவள் தினமும் குடிக்கிற மருந்து இருக்கிறதைக் காப்பாற்றும். முதுகை நிமிர்த்தாது. இரண்டு கம்பி போட்டு நிமிர்த்தினால்தான் வலப்பக்க நெஞ்சுக்கு இடம் கிடைக்கும். மூச்சு இன்னும் இறங்கினால் மயக்கமருந்து கொடுக்கவே யோசிப்பார்கள்.

இதெல்லாம் உமக்குத் தெரியும். தெரிந்தும் வைக்கவில்லை என்றால் காரணம் நான் வைத்ததுதான். அல்லது உம்முடைய அண்ணர் தியாகலிங்கத்தின் ஆலோசனை. அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. ஆரபிக்கு இந்த நோய் என்று தெரிந்த கிழமை, “எங்கடை பக்கத்திலை இப்பிடி ஒருத்தருக்கும் இல்லை” என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். பிறகு இரத்தப் பரிசோதனை வந்தது. நோய்க்கு வேண்டியதில் பாதி என்னிடமிருந்து, பாதி உம்மிடமிருந்து. அந்தக் கடதாசி இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. நீரும் அவர் வீட்டுக்கே போய் இருக்கிறீர்.

இரண்டு நாளும் சோறும் மீன் குழம்பும் நன்றாகச் சாப்பிட்டாள். குழைத்து நான்தான் வாய்க்குள் தீத்தினேன். சளி இல்லை.

குணரத்தினம்


ரொக்ஸ்பரோ
27 நவம்பர் 2025

ஆரபியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கார்டெரியில் நான் பார்க்கிற குழந்தைகள் நித்திரையான நேரத்தில் வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். கோபம் மூன்று தரமும் வந்தது. ஆனால் இந்த முறை ஒரு விசயத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஆரபி இங்கே தன் கையால் சாப்பிடுகிறாள்.

ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறாள். நான் பழக்கவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள். மேசையில் இரண்டு தடித்த புத்தகம் வைத்து அதன்மேல் முழங்கையை வைப்பாள். கை மேலே வராது. அதனால் அவள் கீழே போவாள். உடம்பைச் சரித்து, முதுகை வளைத்து, வாயைக் கையிடம் கொண்டுபோவாள். அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஒருவரும் உதவக்கூடாது. உதவப் போனால் பிரெஞ்சில் ஏசுவாள்.

கம்பி போட்டால் அந்த முதுகு வளையாது. இதை டொக்டரிடம் கேட்டேன். ஓம், வளையாது என்றார். பிறகு கோப்பைப் பார்த்துவிட்டு, “ஆனால் இவள் தானாகச் சாப்பிடுவதில்லைத்தானே, கைப்பக்கத்தில் இழப்புக் குறைவு” என்றார். அப்படித்தான் அதில் எழுதியிருக்கிறது. செப்ரெம்பரில் கைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனது நீங்கள். தெரப்பிஸ்ட் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?

நான் அங்கேயே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஒரு அறை நிறைந்த டொக்டர்மாருக்கு முன்னால் வாயைத் திறக்க இப்போது எனக்குப் பயம். மூன்று வருடத்துக்கு முன் நான் பிறந்தநாள் விழா ஒன்றுக்குக் கூட்டிப்போய் அவளுக்கு நிமோனியா வந்தபோது, அப்படி ஒரு அறையில்தான் “இவதான் செய்தவ” என்று என்னைக் கையால் காட்டினீர்கள். ஆங்கிலத்தில் சொன்னீர்கள், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. அண்ணன் சொன்னதை நீங்கள் லாச்சிக்குள் வைத்திருப்பதுபோல நான் இதை வைத்திருக்கிறேன்.

மூச்சு முக்கியம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளாகச் செய்கிற வேலை உலகத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்துவிட நான் எப்படிக் கையெழுத்து வைப்பது?

வித்தியா


மொன்ட்ரியால்-நோர்
30 நவம்பர் 2025

வித்தியாவுக்கு,

நேற்று மத்தியானம் சோதித்துப் பார்த்தேன். இரண்டு அகராதிகளை மேசையில் வைத்தேன். முழங்கையை அதன்மேல் தூக்கி வைத்தேன். முன்னால் சோற்றுப் பீங்கான்.

“நீயாச் சாப்பிடு பாப்பம்,” என்றேன்.

“ஏலாது அப்பா.”

“அம்மா வீட்டிலை சாப்பிடுறியாம்.”

சில்லுக் கதிரையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அது அம்மா சும்மா சொல்லுறா. கை நோகுது. தீத்துங்கோ.”

தீத்தினேன். பேராதனை விடுதியில் என் கண்ணாடியைக் குரங்கு தூக்கிக்கொண்டு கூரையில் ஏறிய கதையைக் கேட்டாள். எட்டாவது தரம். இந்த முறை குரங்கு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்கும் போனது. சிரித்ததில் புரையேறி, இருமல் மெஷின் போடவேண்டி வந்தது.

நீர் பொய் சொல்கிறீர் என்று நான் எழுதமாட்டேன். தாய் ஆசைப்பட்டு ஒரு நாள் கண்டதை ஒன்றரை வருடமாகக் கண்டதென்று நம்பலாம். ஆனால் அந்த ஆசைக்காக அவளுடைய நெஞ்சைப் பணயம் வைக்க விடமாட்டேன்.

செப்ரெம்பரில் நான் என்ன சொன்னேன் என்று கேட்டீர். உண்மையைச் சொன்னேன். அவள் வட்டக் காசுகளைக் கிண்ணத்துக்குள் போட்டாள். கடதாசியைக் கிழித்தாள். அமத்தினால் விளக்கு எரிகிற பொத்தானை இரண்டு கையாலும் அமத்தினாள். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார்கள், போகவில்லை. முப்பத்தேழு புள்ளிக்குப் பதினேழு எடுத்தாள். பிறகு தானாகச் சாப்பிடுவாளா என்ற கேள்வி வந்தது. இல்லை, நான் தீத்துகிறேன் என்றேன். இதில் எது பொய்?

நிமோனியா விசயத்தில் நான் சொன்னதும் பொய் அல்ல. சொன்ன இடம் பிழை என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

குணரத்தினம்


ரொக்ஸ்பரோ
5 டிசம்பர் 2025

ஆரபியின் அப்பாவுக்கு,

பை போகாத கிழமை என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

அவளைக் கேட்டேன். பாதிக்குமேல் பிரெஞ்சில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

“அப்பாட்டை ஏன் ஏலாது எண்டு சொன்னனீ?”

“அவர் தீத்தேக்கைதான் கதை சொல்லுவார். நானாச் சாப்பிட்டா ரெலிபோனைப் பாத்துக்கொண்டு இருப்பார்.”

“அதுக்காகப் பொய் சொல்லுறதே?”

“அம்மா, அவருக்கு அது சந்தோசம். பெட்டிக்கு லேபல் ஒட்டியிருக்கோ எண்டு பாக்கிற வேலை. பிறகு வீடு. நானும் ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் போறன். நான் போய் நானாச் சாப்பிட்டா அவருக்கு வேறை என்ன இருக்கு?”

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களை நோகப்பண்ண எழுதவில்லை. உண்மையாக இல்லை. நானும் அவளை ஆறு வயதில் பழக்கியிருக்க வேண்டியது. எங்கள் வீடுகளில் சுகமாக இருக்கிற பிள்ளைக்கே பள்ளிக்கூடம் போகிற வயதிலும் பின்னால் ஓடி ஓடித் தீத்துகிறோம். கை ஏலாத பிள்ளையை விட்டுப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. நான் கார்டெரி வேலைக்குப் போய்ப் பிந்தி வந்த ஒரு நாளில்தான், பசியில், அவள் தொடங்கினாள்.

உங்கள் முறைக் கிழமை வருகிறது. ஆனால் இந்த முறை அவளை அனுப்பவில்லை. கோவிக்க வேண்டாம். 14ஆம் திகதி ஞாயிறு, மத்தியானம் ஒரு மணிக்கு நீங்கள் இங்கே வாருங்கள். குசினிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு இருக்கிறது. அவள் அதற்குப் பக்கவாட்டாக இருந்து சாப்பிடுவாள், வெளியே பார்க்கமாட்டாள். கையில் கவனமாக இருப்பாள்.

அண்ணன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. படி மிதிக்க வேண்டாம். பின்வளவால் வாருங்கள்.

வித்தியா


மொன்ட்ரியால்-நோர்
15 டிசம்பர் 2025

வித்தியாவுக்கு,

வந்தேன். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ, பிறகு இன்னொரு பஸ். பின்வளவில் பனி முழங்கால் வரை இருந்தது. ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டின் குசினிக் கண்ணாடிக்குள் ஒரு கறுத்த மனிதன் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் பொலிஸ் வர எத்தனை நிமிடம் எடுக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன். உம்முடைய அண்ணர் வந்தார். கையில் பனி அள்ளுகிற சவள்.

“இதைப் பிடியும் குணம். சும்மா நிண்டா பக்கத்து வீட்டுக்காரி பொலிசுக்கு அடிப்பாள். அள்ளுற மாதிரி நில்லும்.”

“உங்கடை உதவி எனக்குத் தேவையில்லை.”

“உதவி இல்லை ஐசே. உண்மையாவே அள்ளவேணும். எனக்கு நாரி நோகுது.”

அள்ளினேன். ஆகவே உம்முடைய அண்ணர் எனக்கு இன்னொரு விதத்திலும் கடன்பட்டிருக்கிறார்.

உள்ளே ஆரபி, முதலில் இடது கை விரல்களால் வலது முழங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் புத்தகத்துக்கு மேலே ஏற்றினாள். அதற்கே இரண்டு நிமிடம். புட்டை விரல் நுனியால் சேர்த்தாள். பிறகு உடம்பை வலப்பக்கம் சரித்தாள். விழப்போகிறாள் என்று நினைத்து நான் சவளைப் போட்டுவிட்டேன். விழவில்லை. சரிந்த இடத்திலேயே நின்று, தோளை உள்ளே எடுத்து, முதுகு முழுவதையும் ஒரு பக்கமாக மடித்து, தலையை இறக்கினாள். வாய் விரலைப் பிடித்தது. பிறகு அதே பாதையில் திரும்பி வரவேண்டும். நிமிர்ந்து வந்து, மென்று, அடுத்ததற்குப் போனாள். இருபத்தாறு வாய். மூக்கில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. துடைக்க நீர் எழும்பினீர். அவள் ஏதோ சொன்னாள், நீர் இருந்துவிட்டீர்.

நான் தீத்தினால் பத்து நிமிடத்தில் முடியும். நான் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரப்பிஸ்டிடம் நான் சொன்ன பதில் பிழை. இன்று காலை வேலை இடத்திலிருந்து வைத்தியசாலைக்கு அழைத்து அதைத் திருத்தச் சொன்னேன். சத்திரசிகிச்சைக் கடதாசியிலிருந்து என் கையெழுத்தையும் எடுத்துவிட்டேன். அவளுடைய அந்த முதுகைக் கம்பியில் கட்ட என்னால் முடியாது.

பின்கதவுப் பக்கம் முழுவதும் அள்ளியிருக்கிறேன். முன்பக்கம் அவர் பாடு.

குணரத்தினம்


ரொக்ஸ்பரோ
8 ஜனவரி 2026

ஆரபியின் அப்பாவுக்கு,

ஒன்பது நாள் வைத்தியசாலையில் ஆரபியின் கட்டிலடியில் ஒரே கதிரையில் மாறி மாறி இருந்தோம். நீங்கள் வந்தால் நான் எழும்புவேன். “சளி எடுத்தாச்சு” என்பேன். “ஓம்” என்பீர்கள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. அங்கே சொல்லாததை எழுதுகிறேன்.

தடிமனைக் கார்டெரியிலிருந்து கொண்டுவந்தது நான்தான். உங்களுக்கும் தெரியும். அந்தக் கிழமை அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஓடியது. டொக்டர் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. “குளிர்காலம்தானே” என்று சொன்னீர்கள். அதைக் கவனித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். நேர்ஸ் அவளிடம் பெயர் கேட்டாள். “என் பெயர்” என்று சொல்லி ஒரு மூச்சு. “ஆரபி” என்று சொல்லி ஒரு மூச்சு. முன்பு இரவில் மட்டும் போடுகிற மூச்சு மெஷின் முகமூடியைப் பகலிலும் கழற்ற முடியவில்லை. தண்ணீர் கேட்க இரண்டு மூச்சு. புது எக்ஸ்ரேயில் வலப்பக்க நெஞ்சு முழுவதும் மடிந்துபோய், மூடிய குடைபோல இருந்தது. நான் ஒன்றரை வருடமாக அவளுடைய கையைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கை சாப்பிட எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் நெஞ்சு போய்க்கொண்டிருந்தது. வளைவு அதனால் வந்ததல்ல என்று டொக்டர் சொன்னார். அது நோயால் வருவதாம். ஆனாலும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

பெப்ரவரி நாள் போய்விட்டது. மார்ச் மூன்று தருகிறார்கள். நான் திங்கட்கிழமை கையெழுத்து வைத்துவிட்டேன். நீங்கள் எடுத்ததைத் திரும்ப வையுங்கள். இந்த மாதம் இருபத்தைந்துக்குள்.

என்னை எப்படிச் சம்மதிக்கப் பண்ணலாம் என்று நவம்பரில் எழுதினீர்களோ, அதையே உங்களுக்குத் திருப்பி எழுதுகிறேன் என்று தெரிகிறது. சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

வித்தியா


மொன்ட்ரியால்-நோர்
18 ஜனவரி 2026

வித்தியாவுக்கு,

சிரிக்கவில்லை.

பத்து நாளாக உமக்கு மறுப்பு எழுதினேன். நான்கு பக்கம். நன்றாக வாதித்திருந்தேன். கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டு அந்தத் தெரப்பிஸ்டைப் போய்ப் பார்த்தேன். சில்லுக் கதிரையில் பூட்டுகிற சுருள்கம்பிக் கை ஒன்றைக் காட்டினாள். முழங்கையைத் தாங்கிப் பாரத்தைத் தான் எடுத்துக்கொள்ளுமாம். சில பிள்ளைகள் அதை வைத்துச் சாப்பிடுகிறார்கள், சில பிள்ளைகளுக்குச் சரிவருவதில்லை, முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாள். எனக்கு அது போதவில்லை. ஆகவே நேற்று ஆரபி வந்தபோது அவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன். நான் கண்ட இருபத்தாறு வாயையும் சேர்த்துச் சொன்னேன்.

“ஒப்பரேசனுக்குப் பிறகு நீ குனிய ஏலாது. நீயாச் சாப்பிடுறது நிண்டுபோகலாம்.”

“நான் சாப்பிடுறனெண்டு ஆர் சொன்னது?”

“பாத்தனான். பின்வளவிலை நிண்டு.”

“பனி அள்ளினது நீங்களோ?” என்றாள். “மாமா கூலிக்கு ஆள் பிடிச்சதெண்டு சொன்னவர்.”

உம்முடைய அண்ணருக்கு இதற்கும் ஒரு நாள் பதில் சொல்வேன்.

பிறகு அவள் கதைத்தாள். முகமூடியைக் கழற்றச் சொன்னாள். நான் எழுதுகிற மாதிரி அது ஓடி வரவில்லை. துண்டு துண்டாக வந்தது.

“நீங்கள் ரெண்டுபேரும்... என்ரை கையைப் பற்றித்தான்... கடிதம் எழுதுறியள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. பள்ளிக்கூடத்திலை நான் ஒண்டு சொல்லத் தொடங்கினா... பாதியிலை காத்து முடிஞ்சிடும். உடனை ரீச்சர் மிச்சத்தைச் சொல்லி விடுவா. பிள்ளையளும் சொல்லி விடுவினம். நான் சொல்ல வந்தது... அது இல்லை. ஆனா, இல்லை எண்டு சொல்ல...”

நின்றுவிட்டாள். எனக்கு மிச்சம் வாய்க்கு வந்துவிட்டது. “காத்து இல்லை” என்று சொல்லப்போனேன். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அவள் மூச்சு எடுத்து முடியும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் பிறந்த நாளிலிருந்து இதுதான் முதல் தரமாக இருக்கவேண்டும்.

“...எனக்கு இன்னும் ரெண்டு மூச்சு வேணும்,” என்றாள். நான் சொல்லப்போனது அது இல்லை.

“சோத்தை நீங்கள் தீத்தலாம் அப்பா. அம்மாவும் தீத்தலாம். என்ரை கதையை... ஒருத்தரும் தீத்த ஏலாது.”

அதற்குப் பிறகு அழுதாள். சாப்பாட்டுக்காகத்தான் அழுதாள். சம்பலை அவள் தொடுகிற அளவுக்கு ஒருவரும் தொட்டு வைப்பதில்லையாம், நீர் கூடுதலாக வைக்கிறீராம், நான் வைப்பதே இல்லையாம். துடைக்கலாமா என்று கேட்டேன். ஓம் என்றாள். துடைத்தேன்.

வித்தியா, செப்ரெம்பரில் அந்தத் தெரப்பிஸ்ட் கேட்டது என்னிடம் இல்லை. ஆரபியின் முகத்தைப் பார்த்து, அவளிடம்தான், “நீயாகச் சாப்பிடுவாயா?” என்று கேட்டாள். ஆரபி மூச்சு எடுத்தாள். அதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு முன்னால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. என்னைப் பார்த்து இல்லை என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நான்தான் சொன்னேன். நான் கோபித்த மனிதர்கள் எல்லோருக்கும் திகதி போட்டு வைத்திருக்கிறேன். இதற்கும் போட்டிருக்கிறேன்: செப்ரெம்பர் 23.

கையெழுத்து வைத்துவிட்டேன். இந்தப் பையிலேயே இருக்கிறது. வைத்தியசாலைக்கு நீர் கொடும்.

குணரத்தினம்


5 மார்ச் 2026, வைத்தியசாலை

கதிரையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

ஒன்பது மணிக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். முகமூடி மட்டும்தான். நோவுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், நித்திரை. நீங்கள் மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று அண்ணன் சொன்னார். யன்னலடியில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அண்ணன் தந்தது என்று நினைக்காமல் சாப்பிடுங்கள். சமைத்தது நான்.

வித்தியா


ரொக்ஸ்பரோ
21 ஏப்ரல் 2026, செவ்வாய்

வித்தியாவுக்கு,

உம்முடைய அண்ணரின் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். முன்கதவால்தான் வந்தேன். அவர் திறந்துவிட்டார். நான் நன்றி சொன்னேன். இரத்தப் பரிசோதனை விசயத்தில் ஒன்றும் மாறவில்லை.

நீர் பிந்தி வருகிற இரண்டு நாளும் நான் வேலை முடிந்து வருவதென்ற ஒழுங்கு எனக்குச் சரி. நீர் கேட்டபடி நடந்ததை எழுதி வைக்கிறேன்.

இன்று பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். மூச்சு முப்பத்தேழு வீதம். கூடவில்லை, தடிமனுக்கு முன் இருந்த நாற்பத்தொன்றுக்கும் வரவில்லை. இது கூடுவதற்கான சத்திரசிகிச்சை அல்ல, இனி இறங்காமல் நின்றால் அதுவே வெற்றி என்று டொக்டர் சொன்னார். கம்பி போட்ட பிறகு மூன்று புள்ளி கிடைக்கும்வரை நான் கருத்துச் சொல்லமாட்டேன். பகலில் முகமூடி வேண்டாமாம். உயரத்தில் ஏழு சென்ரிமீற்றர் கூடியிருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் ஆட்களின் இடுப்பைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறாளாம்.

கை வாய்க்கு எட்டவில்லை. சுருள்கம்பிக் கை நாடிவரை கொண்டுவருகிறது. அதற்கு மேல் போகவில்லை. இன்று பதினொரு தரம் முயன்றாள், நான் எண்ணிக்கொண்டு சும்மா இருந்தேன். பன்னிரண்டாவதற்குக் கையை இறக்கிவிட்டு, “பேந்து பாப்பம்” என்றாள். இனி எட்டுமோ எட்டாதோ தெரியாது. தெரப்பிஸ்ட் கேட்ட கேள்விகளுக்கு அவளே பதில் சொன்னாள். எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. நான் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு இங்கே வந்து தீத்தினேன். குரங்குக் கதையைத் தொடங்கினேன்.

“வேண்டாம் அப்பா. இண்டைக்கு நான் சொல்லுறன்.”

பள்ளிக்கூடத்தில் கஜந்தினி என்று ஒரு பெண்ணோடு அவளுக்குச் சண்டை. அதில் யார் முதலில் என்ன சொன்னது, அதற்கு இவள் என்ன சொன்னது, ரீச்சர் வந்து யாரை நம்பியது, ஏன் அது அநியாயம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். திகதியோடு சொன்னாள். அந்தக் குணம் யாரிடமிருந்து என்று உம்முடைய அண்ணர் கேட்டால் இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லும். இடையில் மூச்சு எடுத்தாள்தான். ஆனால் எடுத்துவிட்டுத் தன் வசனத்துக்கே திரும்பி வந்தாள். முற்றுப்புள்ளி வரும்வரை நான் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அது வந்த பிறகுதான் சாப்பிட வாயைத் திறந்தாள்.

இருபது நிமிடத்தில் ஏழு வாய்தான் போனது. ஆகவே நான் வருகிற நாட்களில் இடியப்பம் வைக்க வேண்டாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் காய்ந்துபோகிறது. சோறாக வையும்.

குணரத்தினம்